காலி நாற்காலியும் காலி அறையும்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. நெல்லை மரக்காலாலும், எண்ணெயை உழக்காலும், நிலத்தைக் கோலாலும் அளந்து வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை மட்டும் அளக்காமலே விட்டுவிடுகிறோம். அதுதான் இடம். ஒரு கட்டடத்தின் பரப்பு எத்தனை சதுர அடி என்று கேட்டால் உடனே விடை கூறிவிடுவோம். அந்தச் சதுர அடிகளில் எத்தனை, எந்த நேரத்தில், எத்தனை பேருக்குப் பயன்பட்டன என்று கேட்டாலோ விழித்து நிற்போம்.

இக்கேள்வி இன்று உலகெங்கும் அலுவலகங்களில் எழுந்துள்ளது. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அலுவலகம் செல்லாமலே அலுவல் பார்க்கலாம் என்பதைப் பலரும் அறிந்துகொண்டனர். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், நெகிழ்வான வேலை ஏற்பாட்டை வேண்டி விண்ணப்பிக்கும் உரிமையைத் தொழிலாளர்க்கு வழங்கியது. ஆகவே, 200 நாற்காலி போட்ட மாடிக்கு முழு வாடகை போகிறது. நாளுக்கு எத்தனை நாற்காலியில் ஆள் அமர்கிறார் என்பதோ ஒருவருக்கும் தெரியவில்லை. வாடகைக்கு விடப்படாத மாடி வேறு. வாடகைக்கு எடுத்தும் ஆளில்லாத மாடி வேறு. முன்னதைச் சொத்துச் சந்தைக் கணக்குகள் காட்டும். பின்னதை அளந்து பார்த்தால்தான் காணலாம்.

இந்த அளவீட்டில் பள்ளி ஆசிரியர்க்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். 150க்கும் குறைந்த மாணாக்கர் பயிலும் பள்ளியை நம் கல்வித் துறையார் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகின்றனர். தோட்டங்களிலிருந்து மக்கள் வெளியேறியதன் விளைவாகத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையைச் சேர்ந்துள்ளன. “இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை அறைகளா?” என்ற வினாவை என்றேனும் ஒருநாள் நாம் எதிர்கொண்டே தீரவேண்டும். அன்று நம் கையில் கண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. கணக்கும் இருத்தல் வேண்டும்.

பெரட்டும் பால் நிறுவையும்

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நிற்பார். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். வந்தவருக்கு ஒரு குறி விழும். நண்பகலில் ஸ்டோரில் பால் நிறுக்கப்பட்டு, அந்நிறை வேறோர் ஏட்டில் ஏறும். எந்த மரங்கள் வெட்டப்பட்டன என்பதை மண்டோர் தம் கைப்புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

ஒரு தோட்டத்துக்கு மூன்று ஏடுகள் ஏன்? செக்ரோல் ஆள் வந்ததை மட்டுமே கூறும். அவர் செய்த வேலையைக் கூறாது. பால் நிறை விளைவைக் கூறும். குறைந்த பாலுக்குக் காரணம் மழையா, மரமா, ஆளா என்று கூறாது. மண்டோரின் புத்தகம் மரத்தைக் கூறும். ஆனால் அதை எழுதியவர் மண்டோர். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அன்றைய நாள் முழுமையாகத் தெரியும். அலுவலக இடத்தை அளக்கும் இன்றைய முறைக்கும் இதுவே அடிப்படை. கருவிகள்தாம் புதியவை, அறிவு பழையது.

ஒவ்வோர் ஏடும் கூறுவது என்ன?

வருகையைப் பொறியால் பதியும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவின் ஆபர்ன் நகரத்து வில்லார்டு பண்டி என்பவர் 1888இல் நேரம் பதியும் கடிகாரத்தை ஆக்கினார். மலேசிய அரசாங்க அலுவலகங்களில் 1980களின் தொடக்கத்தில் நேர அட்டை புழக்கத்துக்கு வந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். இன்று அதன் இடத்தில் கதவைத் திறக்கும் மின்னட்டை இருக்கிறது. அது ஒருவர் நுழைந்த நேரத்தைச் சொல்லும். உள்ளே சென்றவர் எந்த மாடியில், எந்த மேசையில் இருந்தார் என்று சொல்லாது. ஒருவர் திறந்த கதவில் மூவர் நுழைந்தால், அது ஒருவரையே எண்ணும். வெளியேறும்போது அட்டை தேவைப்படாத இடங்களில், காலையில் வந்து பத்து நிமிடத்தில் திரும்பியவரும் அதன் கணக்கில் நாள் முழுதும் உள்ளேயே இருப்பார். பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலியில் நாமெல்லாம் கடை வாசலில் நுழைவைப் பதிந்தோம். கடையை விட்டு வெளியேறியதைப் பதிந்தவர் எத்தனை பேர்?

அடுத்தது முன்பதிவு ஏடு. கூட்ட அறை இன்ன நேரம் இன்னாருக்கு என்று அதில் எழுதப்படும். இது விருப்பத்தின் பதிவே அன்றி நிகழ்ச்சியின் பதிவன்று. பதிவு செய்துவிட்டு வராதவரும் உண்டு. பதியாமல் வந்தமர்ந்தவரும் உண்டு.

மூன்றாவது மேசைக்கு அடியிலோ கூரையிலோ பொருத்தும் உணர்கருவி. மனித உடலின் வெப்பத்திலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர் அசையும்போது, ஆள் இருப்பதாக இக்கருவி கொள்ளும். அசையாமல் அமர்ந்து நூல் படிப்பவரை இது ஆளில்லை எனக் கருதிவிடக்கூடும். மேசைமேல் மேற்சட்டையைப் போட்டு இடம் பிடித்துச் சென்றவரையும் இது அறியாது.

நான்காவது வைஃபை எனும் கம்பியில்லா இணையத்தின் பதிவு. எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்பதைக் கொண்டு ஆட்களை மதிப்பிடுவர். ஒருவரிடம் கைப்பேசியும் மடிக்கணினியும் இருந்தால் ஒருவர் இருவராவார். மேலும் இக்காலக் கைப்பேசிகள் தம் அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும் இயல்புடையவை. ஆதலின் ஒரே ஆள் இரண்டு நாளில் இரண்டு ஆளாகத் தோன்றுவதுண்டு.

ஐந்தாவது, காற்றையே சாட்சியாகக் கொள்ளும் முறை. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சற்றேறக்குறைய 420 பங்கு கரியமில வாயு உள்ளது. மூடிய அறையில் பலர் அமர்ந்து மூச்சு விட்டால் இவ்வளவு ஆயிரத்தையும் கடக்கும். அதன் ஏற்றத்தைக் கண்டு அறையில் ஆள் உண்டு என்றும், ஏறக்குறைய எத்தனை பேர் என்றும் கணிக்கலாம். ஆனால் வாயு மெல்லவே ஏறும், மெல்லவே இறங்கும். கூட்டம் கலைந்த பின்னும் சிறிது நேரம் அறை நிறைந்திருப்பதாகவே இக்கருவி சொல்லிக்கொண்டிருக்கும். சன்னலைத் திறந்துவிட்டாலோ, நிறைந்த அறையும் காலியாகத் தோன்றும்.

ஆறாவது மனிதக் கண். கையில் தாளுடன் ஒருவர் மணிக்கொரு முறை சுற்றிவந்து எண்ணுவது. இது மிகப் பழையது, செலவு மிகுந்தது, ஆயினும் மற்ற ஐந்தையும் சரிபார்க்கும் உரைகல் இதுவே.

ஏடுகளை இணைப்பது எங்ஙனம்?

இந்த ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் உண்மை கிட்டிவிடும் என எண்ணுவது தவறு. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளைச் சராசரி எடுப்பது, அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஒரே படியில் அளப்பது போலாகும். இணைப்பதற்கு முறை உண்டு.

முதலில் எல்லா ஏடுகளையும் ஒரே கால அளவுக்குக் கொணர வேண்டும். ஒன்று நிமிடக் கணக்கிலும் மற்றொன்று நாள் கணக்கிலும் இருந்தால் ஒப்பிட இயலாது. அரைமணி என்பது வசதியான அளவு. அடுத்து இடப்பெயர்களை ஒன்றாக்க வேண்டும். ஓர் ஏட்டில் ‘சிறிய கூட்ட அறை’ என்றும் வேறோர் ஏட்டில் ‘3ஆம் எண் அறை’ என்றும் இருப்பது ஒரே அறைதானா என்று தெளிய வேண்டும்.

மூன்றாவதாக, நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இது எளிதெனத் தோன்றும். ஜொகூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். நம் மாநிலத்தில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும் ஆயின. கோலாலம்பூரில் அமர்ந்து ஒருவர் நம் அரசாங்க அலுவலகங்களின் பத்தாண்டுக் கணக்கைத் தொகுத்து, ஞாயிற்றுக்கிழமைகளை விடுமுறையென நீக்கிவிட்டால் என்ன ஆகும்? உண்மையான வேலைநாள் ஒன்று மறைந்து, விடுமுறையான வெள்ளி உள்ளே புகுந்துவிடும். கட்டடம் பாதி காலி என்ற பழியும் வந்து சேரும். கருவி பொய் சொல்லவில்லை; இடமறியாதவர் கணக்கிட்டதால் வந்த பிழை அது.

நான்காவதாக, சில நாள் மனிதக் கண்ணால் எண்ணி, கருவிகளின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கண் 20 எனும்போதெல்லாம் வைஃபை 34 என்றால், அந்த விகிதத்தால் வைஃபை கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். இறுதியாக, ஏடுகள் முரண்படும் இடங்களை அழித்துவிடாமல் தனியே குறிக்க வேண்டும். பெரும்பாலும் அம்முரணில்தான் செய்தி ஒளிந்திருக்கும்.

இரண்டு விகிதங்கள்

கட்டடப் பயன்பாட்டை அளப்பதில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் நெடுநாளாகக் கையாண்டுவரும் கணக்கு எளிமையானது. நம் ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடியது. ஓர் அறை, பயன்படுத்தக்கூடிய நேரத்தில் எத்தனை விழுக்காடு நேரம் புழக்கத்தில் இருந்தது என்பது ஒன்று. புழக்கத்தில் இருந்தபோது அதன் இருக்கைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியது என்பது மற்றொன்று. முன்னதைப் புழக்க விகிதம் என்றும், பின்னதை நிரப்பு விகிதம் என்றும் நாம் வழங்கலாம். இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பயன்பாடு வரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். 10 நாற்காலி போட்ட கூட்ட அறை ஒன்று வாரத்துக்கு 50 மணி நேரம் திறந்திருக்கிறது. முன்பதிவு ஏட்டில் 30 மணி நேரம் பதிவாகியுள்ளது. “அறை கிடைப்பதே இல்லை, இன்னோர் அறை கட்டுங்கள்” என்று ஊழியர் முறையிடுகின்றனர். உணர்கருவியோ 20 மணி நேரமே ஆள் இருந்ததாகக் காட்டுகிறது. ஆக, புழக்க விகிதம் 40 விழுக்காடு. கண்ணால் எண்ணியதில் ஒரு கூட்டத்துக்குச் சராசரி 4 பேர்; நிரப்பு விகிதமும் 40 விழுக்காடு. பெருக்கினால் மொத்தப் பயன்பாடு 16 விழுக்காடு.

முன்பதிவு ஏட்டை மட்டும் பார்த்தவர் புதிய அறை கட்டியிருப்பார். பதினாறு என்ற எண்ணை மட்டும் பார்த்தவர் அறையையே மூடியிருப்பார். இரண்டும் தவறு. பதிவுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே உள்ள 10 மணி நேரம், பதிந்துவிட்டு வராதவர்களுடையது. கால்மணிக்குள் ஆள் வராவிட்டால் பதிவு நீங்கும் என்று விதித்தால் அந்நேரம் மீளும். நால்வர் கூடும் கூட்டங்களே மிகுதியாதலால், அறையைத் தடுத்து இரண்டாக்கினால் குறை தீரும். செங்கல்லும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்.

நாடுகள் கண்ட கணக்கு

இத்தகைய அளவீட்டை ஓர் அரசாங்கமே மேற்கொண்டதும் உண்டு. அமெரிக்காவின் அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 24 கூட்டரசுத் துறைகளின் தலைமை அலுவலகங்களை ஆராய்ந்து 2023 ஜூலையில் முடிவை வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களிலிருந்து மாதத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஆராய்ந்ததில், 17 துறைகள் தம் கட்டடக் கொள்ளளவில் சராசரியாக 25 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தின என மதிப்பிட்டது. அதன்பின் 2025 ஜனவரியில் சட்டமான ஏற்பாடு ஒன்று, அரசாங்கக் கட்டடங்களுக்கு 60 விழுக்காட்டுப் பயன்பாட்டை இலக்காக வைத்தது.

இந்தியாவில் வேறு விதமான செய்தி கிடைத்தது. 2021 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தன் அலுவலகங்களில் சிறப்புத் துப்புரவு இயக்கம் ஒன்றை நடத்தியது. பழைய கோப்புகளையும் உடைந்த தளவாடங்களையும் அகற்றியதில் ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி இடம் மீண்டது. அவ்விடத்தை அதுவரை ஆண்டுகொண்டிருந்தது ஆளன்று, காகிதமும் துருவும். எந்த மின்னட்டையும் வைஃபையும் இதைக் காட்டியிராது. கதவைத் திறந்து பார்த்த கண்ணே காட்டியது.

எங்கள் பள்ளியின் ஏடுகள்

இனி என் சொந்த அனுபவம். நான் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் 64 பிள்ளைகள் பயின்றனர். அறைகள் 8; அறைக்கு 30 இருக்கை. பார்வையிட வந்த ஒருவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். 240 இருக்கைக்கு 64 பேர். 27 விழுக்காடு என்று அங்கேயே கணக்கிட்டார். மூன்று அறைகளைப் பிற பயனுக்குத் தந்துவிடலாமே என்றார். அவர் சொன்ன எண்ணில் பிழையில்லை. எனக்கோ கோபம் வந்தது. “எல்லா அறையும் நாள்தோறும் புழங்குகிறது, நூலகம் உள்பட” என்று சொல்லிவிட்டேன். அவர் சென்றபின், நான் சொன்னது உண்மைதானா என்ற ஐயம் எழுந்தது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வாரம் எண்ணினோம். வாரத்துக்கு 50 பாடவேளைகள்; 8 அறைகளுக்கு 400. கால அட்டவணைப்படி 264 பாடவேளைகளில் அறைகள் புழங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் எண்ணியதோ 232. புழக்க விகிதம் 58 விழுக்காடு. புழங்கும் அறையில் சராசரி 10 பேர். நிரப்பு விகிதம் 33 விழுக்காடு. பெருக்கினால் 19. வந்தவர் சொன்ன 27ஐவிடவும் குறைவு!

ஆனால் பிரித்துப் பார்த்தபோது பொருள் விளங்கிற்று. ஆறு வகுப்பறைகளும் ஒவ்வொன்றும் சராசரி 37 பாடவேளை புழங்கின. அஃதாவது 74 விழுக்காடு நேரம். காலியாக இருந்தவை நாற்காலிகளே அன்றி அறைகள் அல்ல. முதலாம் ஆண்டுக் குழந்தைக்கும் ஆறாம் ஆண்டுக் குழந்தைக்கும் ஒரே கரும்பலகையில் ஒரே பாடம் நடத்த முடியாதன்றோ? அறிவியல் அறை வாரத்தில் 4 பாடவேளையே புழங்கியது. அதன் பாதியை உடைந்த மேசைகள் அடைத்துக்கொண்டிருந்தன. நான் வாய்வீறாகச் சொன்ன நூலகத்துக்கு அட்டவணையில் 14 பாடவேளை, நடந்தது 6. என் கூற்று பொய்யாயிற்று.

நூலகத்தையும் விட்டுக்கொடுப்பது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் எங்கள் காவலாளி தம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். எந்தப் பிள்ளையை எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துச் சென்றார் என்று வாயிலில் அவர் எழுதிவைத்த ஏடு அது. பள்ளி முடிந்த பின்னும் நாள்தோறும் 11 முதல் 15 பிள்ளைகள், பெற்றோர் வேலைவிட்டு வரும்வரை தங்கியிருந்தனர். கடைசிப் பிள்ளை போகும்போது மணி ஐந்தை நெருங்கிவிடும். அப்பிள்ளைகள் அவ்வளவு நேரமும் அமர்ந்திருந்த இடம் நூலகம். வருகைப் பதிவேடும் அட்டவணையும் பள்ளி மணியோடு மூடிக்கொள்பவை. அவற்றுக்கு இது தெரியாது. நாள்தோறும் வீடு திரும்பும் அவசரத்தில் எனக்கும் தெரியாது.

மூன்று ஏடுகளையும் ஒரே தாளில் வரைந்து அனுப்பினேன். அறிவியல் அறையைக் காலி செய்து பாலர் வகுப்புக்குத் தந்தோம். மற்ற ஏழும் நின்றன. அவர் கேட்டது மூன்று, நான் மறுத்தது மூன்று, உண்மை ஒன்று.

ஆளை அளக்கவேண்டாம்

அந்த வாரத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஓர் ஆசிரியை என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளைகள் வாசலில் நின்று எண்ணுவது அறையையா, என்னையா?” என்று கேட்டார். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில் அத்தாளில் வகுப்பாசிரியர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன். மறுநாள் அக்கட்டத்தை நீக்கினேன். ஆசிரியர் அறையை எண்ணும் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

இலண்டனில் ஒரு பெரிய செய்தித்தாள் அலுவலகத்திலும் இதுவே நேர்ந்தது. 2016 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராப்’ பணியாளர் மேசைகளுக்கடியில் உணர்கருவிகள் முன்னறிவிப்பின்றிப் பொருத்தப்பட்டன. இடத்தையும் மின்சாரத்தையும் சிக்கனப்படுத்தவே என்று நிருவாகம் கூறியது. எதிர்ப்பு எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. நோக்கம் நன்றாயிருப்பினும், சொல்லாமல் அளப்பது வேவு பார்ப்பதாகவே தோன்றும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அரசாங்கத்தை அது கட்டுப்படுத்தாது. சட்டம் எட்டாத இடத்தில் நம் மனச்சான்றுதான் காவல். எதற்கு அளக்கிறோம் என்று முன்னரே சொல்ல வேண்டும், பெயரைக் குறிக்கலாகாது, அறைக்கென எடுத்த கணக்கை ஆளைத் தண்டிக்கப் பயன்படுத்தலாகாது. ஏடுகளை இணைக்கும்போது இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. தனித்தனியே தீங்கற்ற இரண்டு ஏடுகள், சேர்ந்தால் ஒருவரின் நாள் முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் காவலாளியின் நோட்டிலிருந்து நான் எடுத்தது எண்ணிக்கையை மட்டுமே. பிள்ளைகளின் பெயர் அவரிடமே இருந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பள்ளியிலும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். கருவி வேண்டா, பதிவேடு, அட்டவணை, ஒரு தாள், எண்ணத் தெரிந்த நான்கு பிள்ளைகள் போதும். விழுக்காட்டுப் பாடமும் அவர்களுக்கு மறவாது. எண்ணி முடித்ததும், வாயிலில் இருப்பவரிடமும் ஒரு சொல் கேளுங்கள். மணி அடித்த பிறகு உங்கள் பள்ளியில் யார் தங்கியிருக்கிறார் என்பதை அவர் அறிவார்.